ஜங்ஷன் தேடிய பலகை

பஸ் கம்பெனியில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டே ரயிலின் பெருமை பேசியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அவர் புதுக்கோட்டையில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஊர் வைத்த பெயர் ஜங்ஷன். அன்னவாசலுக்கு டிக்கெட் கேட்டால், "அங்கிட்டு இன்னும் தண்டவாளம் போடலைங்க. அதுவரைக்கும் பஸ்ஸுல போய்க்கிருங்க" என்பார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

அவருடைய மனைவி கமலத்துக்கு டைபாய்டு காய்ச்சலில் காது போய்விட்டது. யாராவது பேசினால் புரியாமல் சிரிக்க வேண்டுமே என்று கூசி, அந்த அம்மாள் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து வந்த மைத்துனர் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயிலையும், வட்டமாகப் பூட்டும் தண்டவாளத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். மேடுபள்ளமான தரையில் ரயில் நாலு முழம்கூட ஓடாமல் கவிழ்ந்தது. ஜங்ஷன் பலகை தேடக் கிளம்பினார்.

மாம்பலகை ஐப்பசி மழையில் அப்பளமாக வளைந்தது. அடுத்து, சட்டத்தின் மேல் தகரம் அடித்தார். ரயில் ஓடியதும் கூரை இடிகிறது என்று தெருவே கூடிவிட்டது. கமலம் தகரத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "கை கூசுதுங்க" என்று எடுத்துக்கொண்டார்.

"தகரத்து மேல கம்பளிய ஒட்டுங்கண்ணே, சத்தமே வராது" என்று யோசனை சொன்னது நான்தான். ஒட்டினார். பூனை நடப்பதுபோல ரயில் ஓடியது. எனக்கு ஒரே பெருமை. கமலம் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தில் கை வைத்தார்.

"ரயில் நின்னுபோச்சாங்க?"

ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஜங்ஷன் அப்போதே கம்பளியைப் பிய்த்தார்.

"சத்தம் போனா நமக்கு நல்லது தம்பி. அவளுக்கு மிச்சம் இருக்கறது அந்த அதிர்வுதானே?" என்றார்.



கடைசியில் டீத்தூள் பெட்டியின் மெல்லிய பிளைவுட்டை வாங்கி வந்து, அடியில் இடைவெளி விட்டுச் சட்டத்தில் அறைந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலை விட்டார். கமலம் கண்ணை மூடி உள்ளங்கையை வைத்தார்.

"வருதுங்க... கிட்ட வருது... இப்ப தாண்டிப் போகுது" என்றவர், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீங்களும் கைய வச்சுப் பாருங்க தம்பி!"

அவர் என்னிடம் பேசி ஒரு வருஷம் இருக்கும்.

ஜங்ஷன் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தார். சந்தைக்குக் கிளம்பியிருந்த நான், பையை ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.