மெர்வினோட கேமராவும் பெலிக்கன் வாயும்

கேரவன் வண்டிய நிறுத்தி, முன்னாடி பந்தல் கட்ட இன்னும் ஒரு ஆணி கூட அடிக்கல. அதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு மெர்வின் சபதம் போட்டாரு.

"தெல்மா, முல்லாரா கடலுக்கு நாம வர்ற கடைசி வருஷம் இதுதான். இனிமே ஜனவரின்னா பாலைவனம். எனக்குள்ள ஒரு போட்டோகிராபர் இருக்கான். அவனுக்குச் செம்மண்ணு வேணுமாம்."

"உனக்குள்ள மூணு தட்டு வறுத்த மீன்தான் இருக்கு. பேசாம கயித்தப் புடி."

நாங்க டப்போக்காரங்க, கடலுக்கு ரொம்ப தூரத்துல இருக்கற ஊரு. பதினோரு மாசம் வெயிலும் புழுதியும்தான். ஜனவரி கோடை லீவுல கெடைக்கற இந்த மூணு வாரக் கடல்காத்த நெனச்சுத்தான் மிச்ச வருஷத்த ஓட்டறேன். அதுலயும் மண்ணள்ளிப் போடறேங்கறாரு!

இங்க கேரவன் நிறுத்தற பார்க்குல இருவத்தாறு வருஷமா எங்களுக்குப் பதினாலாம் நம்பர் இடம். பைன் மரத்து நிழல், நாலடி வெச்சா தண்ணி. கெளம்பற அன்னிக்கே அடுத்த வருஷத்துக்குப் பேரு குடுத்துடணும். விட்டா போச்சு, காத்திருக்கறவங்க பாஞ்சு புடிச்சுக்குவாங்க. நோரீன்னு ஒருத்தி, புருஷன் ஆஸ்பத்திரில கெடந்தான்னு ஒரே ஒரு வருஷம் விட்டா. அப்புறம் ஒம்பது வருஷம் கக்கூஸ் பக்கத்துலதான் இடம். அவ வீட்டு போட்டோ எதப் பாத்தாலும் பின்னாடி எவனாவது துண்டத் தோள்ல போட்டுட்டு அவசரமா போயிட்டிருப்பான். சரி, அத விடுங்க.

சண்டை முத்திப் பந்தயத்துல வந்து நின்னுச்சு. அங்க கடல் மீட்புக் கிளப்புல காலண்டருக்கு போட்டோ போட்டி உண்டு. மெர்வின் ஜெயிச்சா பாலைவனம். தோத்தா பதினாலாம் நம்பர்.

மொத நாள் சூரியோதயம் எடுக்கப் போனாரு. அறுவது போட்டோ. திரும்பி வந்து பெருமையா காட்டினாரு.

"எல்லாம் கருப்பா இருக்கே மெர்வின்?"

"அது ஒரு பாணி."

"பாணி இல்ல, மூடி. லென்ஸ் மேல அப்படியே இருக்கு பாரு."

ரெண்டாம் நாள் கேமரா நிக்கற முக்காலிய அலையோரமா நட்டு வெச்சுட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போயிட்டாரு. நல்லவேளை, கேமரா கழுத்துல. கடல் ஏறிச்சு, முக்காலி நீந்திச்சு. மீட்புக்காரங்க படகு எடுத்துட்டுப் போய்க் கரை சேர்த்தாங்க. வாயில வாய வெச்சு ஊதல, அவ்வளவுதான்.

மூணாம் நாள் வேற கூத்து. கிளப்புத் தலைவி லோர்னா கோவமா கேரவன் வாசல்ல வந்து நிக்கறா.

"தெல்மா! நான் பழுப்புத் துண்டப் போத்திட்டு மணல்ல படுத்திருக்கேன். உன் வீட்டுக்காரரு ஒரு மணி நேரமா என்னச் சுத்திச் சுத்தி எடுக்கறாரு!"

"ஐயோ, உன்னயப் பாறைன்னு நெனச்சுட்டாராம்."

"அது இன்னும் மோசம்டி!"

உக்கார வெச்சு டீ குடுத்தேன். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம். என்ன பேசினோம்ங்கறது இப்ப வேணாம்.

போட்டோன்னதும் எங்க அக்கா ஜாய்ஸ் கல்யாணம்தான் ஞாபகம் வருது. அவ மச்சினன் எடுத்தான். ஒருத்தருக்கும் தலை இல்ல. யாரு மாப்பிள்ளன்னு இன்னிக்கும் ஷூவ வெச்சுத்தான் சொல்லுவோம். மெர்வின் அவன விடத் தேவலாம். தலை இருக்கும், மத்தது இருக்காது.

எங்க விட்டேன்? ஆங், பெலிக்கன் கதைக்கு வர்றேன். பக்கத்து கேரவன் டெஸ்மண்ட் மீன் கழுவற மேடைல மீன் வெட்டிட்டிருந்தாரு. பை மாதிரி வாய் தொங்கற பெலிக்கன் பறவைக் கூட்டம் சுத்தி நிக்குது. மெர்வின் ஒரு கைல மீன் தலைய ஆட்டி ஆசை காட்டறாரு, ஒரு கைல கேமரா. பறவைக்கு எந்தக் கைன்னு தெரியல. கேமராவக் கவ்விடுச்சு! மெர்வின் இழுக்க, அது இழுக்க, நடுவுல 'க்ளிக்'.

அந்தப் போட்டோவப் பாக்கணுமே! படம் பூரா ரோஸ் கலர் வாய், பந்தல் போட்ட மாதிரி. ஓரத்துல டெஸ்மண்ட் கத்தியோட அலறிட்டு நிக்கறாரு.

"அழிச்சுடறேன். மானம் போவுது."

"அழிச்சேன்னா இன்னிக்குச் சாப்பாடு கெடையாது. இதத்தான் போட்டிக்கு அனுப்பறோம்."

மெர்வின் என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. "தெல்மா, நான் ஜெயிச்சா நீ தோத்துருவே. வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

"ஒரு கலைஞனுக்கு வாக்கப்பட்டுட்டேன். குறுக்க நிக்கலாமா?"

பாவம், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அன்னிக்குப் பாத்திரம் கூட அவரேதான் கழுவினாரு.

சனிக்கெழம ஊரே ஓட்டுப் போட்டுச்சு. சாஸேஜ் வாசனைக்கு நடுவுல லோர்னா மைக்கப் புடிச்சா. மொதப் பரிசு, மெர்வின்! விசிலு பறக்குது.

எங்க வீட்டுக்காரரு ஓசில கெடச்சா பினாயிலக் கூடக் குடிப்பாரு. மைக்க விடுவாரா? கையில குடுத்த பரிசுக் கவரப் பிரிக்கறதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சுட்டாரு. "இது என்ன பரிசா இருந்தாலும் சரி, வேணாம்னு சொல்ல மாட்டேன். உங்க எல்லாருக்கும் நான் குடுக்கற சத்தியம்!"

லோர்னா கவர வாங்கிப் படிச்சா. "அடுத்த ஜனவரி மூணு வாரம், பதினாலாம் நம்பர் இடம், இலவசம்! வேற யாருக்கும் மாத்திக் குடுக்க முடியாது."

பார்க் நடத்தறது லோர்னாவோட தம்பி. பரிசு யோசனை என்னோடது.

மெர்வின் கவரோட கீழ எறங்கி வந்தாரு. மூஞ்சி அவிச்ச நண்டு மாதிரி இருந்துச்சு.

"பந்தயத்துல நீதான் ஜெயிச்சே, மெர்வின். பாலைவனத்துக்குத் தாராளமா போலாம். ஜனவரில மட்டும் நமக்கு வேல இருக்கு."

கவரத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "அப்ப நான் தோத்திருந்தா?"

"தோத்திருந்தாலும் பதினாலுதான், கண்ணு. வாடகை நீ கட்டிருப்பே."