சிறப்பு விருந்தினரின் சின்னக் கவிதை

உலகம் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று காலமெல்லாம் குறைபட்டுக்கொண்டே, அதற்குப் புரியவைக்க வேண்டிய தாள்களைக் கோட்டுப் பையில் மடித்து வைத்துத் திரியும் கவிஞர் இனம் ஒன்று உண்டு. லண்டனில் அந்த இனத்துக்குக் குளிர் தெரியாது. வால்தம்ஸ்டோவில், நாகேஸ்வரியின் பக்கத்து வீட்டு மிஸ்டர் டன்ஸ்டன் பனியிலும் செருப்போடுதான் நடப்பார். ஒரு காலில் சிவப்புக் காலுறை, மறு காலில் பச்சை. குப்பையைக் கிண்ட வரும் நரியை வழிமறித்துக் கவிதை வாசிப்பார். நரி பாதியிலேயே ஓடிவிடும். தமிழர்கள் ஓடுவதில்லை. அதுதான் ஆபத்து.

மகள் தக்ஷிகாவின் அரங்கேற்றத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் சிறப்பு விருந்தினராக வந்தால் மேடை எடுப்பாயிருக்கும் என்று நாகேஸ்வரிதான் அவரை அழைத்தாள். "ஒரு சின்னக் கவிதை வாசிக்கலாமா?" என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள், எந்தக் கவிஞர் சின்னதோடு நிறுத்தியிருக்கிறார்?

முதல் கவிதை முடிந்ததும் மண்டபம் கைதட்டியது. வாழ்நாளில் அவர் கேட்டிராத சத்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தார். பிறகு அதற்கடுத்ததை. திரைக்குப் பின்னால் சலங்கையோடு நின்ற தக்ஷிகாவுக்குக் கண்மை வழியத் தொடங்கியது.

"அக்கா, டேப் முடியப்போகுது. பிள்ளையின்ர ஆட்டத்துக்கு மிஞ்சாது" என்றான் வீடியோ எடுக்கும் பிரியந்தன்.

"அப்ப கமராவை நிப்பாட்டன்!"

"நிப்பாட்டினா அவர் முதல்ல இருந்து தொடங்குறார், அக்கா!"

நாகேஸ்வரி கணவரின் கையை எட்டிப் பிடித்தாள். "தட்டாதேங்கோ! உங்களுக்கு விளங்குதே?"

"விளங்கினா நான் ஏனப்பா தட்டப்போறன்?"

அவள் பொன்னாடையோடு மேடையேறினாள். போர்த்திவிட்டால் எந்தப் பேச்சாளரும் இறங்கிவிடுவார். நம் சபை வழக்கம் அது. அவருக்கு அதை யார் சொன்னது? பட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, நன்றிக் கவிதை ஒன்றைத் தொடங்கினார்.

"அம்மா, நீங்க இறங்குங்கோ." தக்ஷிகாவே மேடைக்கு வந்துவிட்டாள். கவிதையில் கடல் வந்தது. அவள் கையில் அலை எழுந்தது. படகு வந்தது, தள்ளாடியது, கவிழ்ந்தது. மண்டபத்துக்கு அப்போதுதான் கவிதை விளங்கியது. ஒருவரும் தட்டவில்லை. டன்ஸ்டன் நிமிர்ந்து பார்த்தார், தாளை மடித்தார், இறங்கிப் போய் உட்கார்ந்தார். டேப் மிஞ்சியது.

மறுநாள் வேலிக்கு மேலால் அவர் தலை தெரிந்தது. "உங்கள் மகள் நன்றாக ஆடினாள். ஆனால் பாருங்கள், அவளுக்கும் புரியவில்லை. அது படகல்ல, என் முதல் மனைவி." பெருமூச்சு விட்டார். "இங்கே பக்கத்து எட்மண்டனில் அடுத்த மாதம் யாருக்கோ அரங்கேற்றமாமே?"

சிரிக்கிறீர்கள். நல்லது. கடைசியாக உங்கள் கையில் மைக்கைத் தந்தபோது நீங்களும் "இரண்டே வார்த்தை" என்றுதானே தொடங்கினீர்கள்?