நெளிகோட்டை அழித்த மாமாவுக்கு

காக்ஸ் டவுன்,
மார்ச் 2001, வியாழன்

மதிப்பும் (மிச்சமிருக்கும்) மரியாதையும் கலந்த ஓஸ்வால்ட் மாமாவுக்கு நெவில் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். டோரீன் அக்கா சுகமில்லை, காரணம் நீங்கள்.

நாளைக்கு அவள் காலேஜில் கடைசி வருட ப்ராஜெக்டைக் காட்ட வேண்டும். அது பத்திரமாக இருக்கட்டும் என்று நகலெடுக்கும் புரோகிராம் ஒன்றை எழுதி, நகல் போக வேண்டிய இடத்துக்கு ~ என்று ஒரு நெளிகோடு போட்டீர்கள். "அப்படிப் போட்டா நம்ம ஃபைல் எல்லாம் இருக்குற ஹோம் ஃபோல்டர்னு அர்த்தம்டா, ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான்" என்றீர்கள். எங்கள் விண்டோஸுக்கு அந்த அர்த்தம் தெரியாது. நெளிகோடு என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் திறந்து நகலை அதில் போட்டது. "விண்டோஸுக்கு அவ்வளவுதான் புத்தி" என்று சிரித்து, விண்டோஸையே அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றினீர்கள். அங்கேயும் அதே நெளிகோட்டு ஃபோல்டர். ஏனென்றால் மாமா, நாம் கமாண்ட் அடிக்கும் கறுப்புத் திரைதான் நெளிகோட்டை ஹோம் என்று மாற்றிப் படிக்கும். புரோகிராமுக்குள் எழுதினால் அது வெறும் பெயர். மேத்ஸில் ஃபெயிலாகும் எனக்கே இது தெரியும்.

ஞாயிறு சர்ச் முடிந்து பிரியாணிக்கு வந்தவர், "என்னடா இது குப்பை" என்று அந்த ஃபோல்டரை அழிக்க உட்கார்ந்தீர்கள். எங்கே? அதே கறுப்புத் திரையில். நெளிகோட்டை அழி என்றீர்கள். அது ஹோம் என்று படித்துக்கொண்டு ப்ராஜெக்ட், நகல், அம்மாவின் ஜெபக்கூட்டப் பாட்டு எல்லாவற்றையும் வழித்துப் போட்டது. "ஏன் மாமா இவ்வளவு நேரம் ஓடுது?" என்று அக்கா கேட்டாள். "பழைய கம்ப்யூட்டர்ம்மா, நிதானமாத்தான் செய்யும்" என்றீர்கள். பிறகு இரண்டாவது தட்டும் சாப்பிட்டீர்கள்.

பழைய பிரிண்ட் அவுட்டை வைத்து அழுதழுது டைப் அடித்து அக்கா இன்று காலையில்தான் முடித்தாள். நெளிகோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் ஒட்டி அடித்திருந்தால் அந்தக் குப்பை மட்டும் போயிருக்கும். இதுகூடத் தெரியாமல் உங்களுக்கு ஆபீசில் ஏ.சி. ரூம் வேறு. இனி எங்கள் வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு உண்டு, கீபோர்டு கிடையாது.

அத்தைக்கு ஸ்தோத்திரம். ஆண்டவர் உங்களைக் காப்பாராக. உங்கள் விரல்களிடமிருந்து எங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
நெவில்

பி.கு.: உங்கள் புரோகிராம் மறுபடி அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தது. முறையாக அழித்துவிட்டு உங்களுக்கு எழுதலாமே என்று புள்ளி, சாய்கோடு, நெளிகோடு அடித்தேன். நெளிகோட்டுக்கு முன்னால் கை ஒரு ஸ்பேஸையும் தட்டி, நெளிகோட்டைத் தனியாகப் பிரித்துவிட்டிருக்கிறது. ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று யோசித்தபோதுதான் பார்த்தேன். தபாலுக்கு நேரமில்லை, இதை சைக்கிளில் நானே கொண்டு வருகிறேன். மேலே உள்ளதைப் படிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அக்கா தன் சிநேகிதி பிரிஜெட் வீட்டிலிருந்து திரும்பும்போது கம்ப்யூட்டர் முன்னால் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.