கண்ணைக் கட்டிக் குடித்த தேநீர்

இந்த வீட்டில் ஒரே ஒரு விஷயமாவது என் முடிவுப்படி நடக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானித்தேன். அந்த விஷயம் ஒரு தேயிலை வட்டு.

சின்னத் தோசைக்கல் அளவுக்கு அழுத்திக் காயவைத்த, சீனத்துப் பச்சைப் பூஅர் தேயிலை. யுனான் வியாபாரி ஒருவர் என் மாமனார் ஷம்சுதீனுக்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் கொடுத்தது. அவர் தன் கடையை மூடியபோது அதைத் தன் மகளான என் மனைவி ஸமீராவிடம் கொடுத்துவிட்டு, "படிச்ச மாப்பிள்ளை இருக்காரு, என்ன பெறும்னு பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். விலங்கியல். ஆனாலும் பாஸ்போர்ட் படிவம், பல்வலி, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் எல்லாம் என்னிடம்தான் வரும். தெரியாது என்று சொன்னால் பட்டத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயம்.

ஆகவே இரண்டு வாரம் படித்தேன். ஓரத்தில் ஒரு கிள்ளு எடுத்துக் கொதிநீர் ஊற்றிக் குடித்தும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கஷாயம் மாதிரி இருந்தது. என் நாக்கைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல பழைய பூஅர் என்றால் கற்பூர வாசனை, முதலில் கசப்பு, பின்னால் இனிப்பு, கடைசியில் பின்கழுத்தில் ஒரு குளிர்ச்சி. இன்னும் பத்து வருஷம் வைத்தால் மதிப்பு கூடும்.

ஸமீராவுக்கு அந்தப் பத்து வருஷம் பிடிக்கவில்லை. நாங்கள் இருக்கும் பர்மிய நகரத்துக் கியாக்டடா பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஒரு மணிக்குக் கரன்ட் போனால் ஐந்துக்குத்தான் வரும். வட்டை விற்று இன்வர்ட்டர் பேட்டரி வாங்க வேண்டும் என்பது அவள் கட்சி. நான் வட்டை மண்பானையில் வைத்துக் காவல் காத்தேன். கை ஈரம் ஆகாது என்று படித்திருந்ததால் தொடுவதில்லை. தினமும் மூடியைத் திறந்து, காகித உறையைப் பார்த்துவிட்டு மூடுவேன்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். மூன்று கோப்பை. இரண்டில், கீழே டீக்கடையில் மேசைதோறும் ஃபிளாஸ்க்கில் காசில்லாமல் வைக்கும் வெறுந்தேநீர். ஒன்றில் வட்டுத் தேநீர். நான் சரியாகச் சொன்னால் வட்டு பானையிலேயே இருக்கும். தவறினால் பேட்டரி.

அந்த ஞாயிறே சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு, வியர்வை வழிய உட்கார்ந்தேன். கீழ்வீட்டு ஜெனரேட்டர் காதைத் துளைத்தது.

"நிறத்தைப் பார்த்துச் சொன்னா அது கண்ணோட கெட்டிக்காரத்தனம் மச்சான்" என்று துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டினாள்.

முதல் கோப்பை, டீக்கடை. இரண்டாவதும் டீக்கடை. எனக்குச் சந்தேகமே இல்லை. துணி நழுவுகிறது என்று சொல்லி, மூக்கு நுனிவரை இழுத்து மறுபடி கட்டினாள். எழுந்து எங்கோ போய்விட்டு வந்து மூன்றாவதைக் கையில் கொடுத்தாள்.

உறிஞ்சினேன். உடம்பு சிலிர்த்தது.

"இதுதான். கற்பூர வாசனை வருது. கசப்பு, அப்புறம் இனிப்பு. பின்கழுத்துல குளிருது ஸமீரா. நான் எழுதினது வரிக்கு வரி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"படிச்சவன் சொல்றேன்."

"மூணும் ஒரே ஃபிளாஸ்க் மச்சான்."

கட்டிய கண்ணோடு கோப்பையை மறுபடி மோந்து பார்த்தேன்.

"அப்ப கற்பூரம்?"

"துப்பட்டாவுல. அலமாரியில கற்பூரம் போட்டு மடிச்சு வச்சிருந்தது."

"குளிர்ச்சி?"

அவள் முடிச்சை அவிழ்த்தாள். மணி இரண்டரை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் புதுப் பேட்டரிப் பெட்டி ஒன்று பச்சை விளக்கைக் காட்டியது.

பானைக்கு ஓடினேன். உறைக்குள் அப்பளக் கட்டு. மூன்று நாளாக நான் அப்பளத்துக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமையே இருபதாம் தெருச் சீனக் கடைக்காரர் வந்து போயிருக்கிறார். குடித்துப் பார்த்து, நல்ல சரக்குதான் என்றாலும் யோசித்தாராம். இவள் என் இரண்டு பக்கத்தையும் பர்மியத்தில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதற்கப்புறம் அவர் பேரமே பேசவில்லையாம். மூணாவது பக்கமும் எழுதியிருந்தால் ஃபிரிட்ஜும் ஓடியிருக்கும் என்றாள். கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"வித்தாச்சுன்னா அப்புறம் இந்தப் பரீட்சை எதுக்கு?"

"உங்க சம்மதம் மட்டும் பாக்கி இருந்துச்சு மச்சான்."

கொடுத்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது.