உள்ள இருந்த பேயண்ணன்

பூட்டாத கதவைப் பார்த்தா சோறு தொண்டையில இறங்காத ஒரே ஆள் இந்தத் திருச்சியில எங்க பேயண்ணன்தான். சத்தியமா சொல்றேன்.

கே.கே. நகர்ல மாடியில ஒரு சின்ன கம்பெனி. கடைக்கும் லேபுக்கும் வெப்சைட் செஞ்சு கொடுப்போம். நாங்க கட்டினதுல திருடன் நுழையற ஓட்டை எங்கேன்னு தேடறது அவர் வேலை. செருப்பைப் படியிலேயே விட்டுட்டு வருவார், காலடிச் சத்தமே கேட்காது. திரும்பினா முதுகுக்குப் பின்னாடி நிப்பார். பேர் அப்படித்தான் வந்தது. ஸ்ரீரங்கம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது, நிக்கற கார் கைப்பிடியையெல்லாம் இழுத்துப் பார்ப்பார். சட்டையைப் பிடிக்க வர்றவங்ககிட்ட, திறந்திருக்குங்க, பூட்டிக்கங்கன்னு மரியாதையா சொல்லிட்டு நடையைக் கட்டுவார்.

நான் தனியா செஞ்ச முதல் வெப்சைட், ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு. திங்கட்கிழமை கொடுத்தாகணும், சொதப்பினா என் வேலை காலின்னு மேனேஜர் சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நோயாளிங்க பட்டியலைத் திறந்தேன். கரண்ட் போய் ஏசி நின்னு, யுபிஎஸ் முனகிக்கிட்டிருக்கு. திரை நடுவுல ஒரு செய்திப் பெட்டி, அடியில ‘சரி’ன்னு ஒரு பட்டன். ‘நான் உள்ள இருக்கேன்.’ மூடிட்டுத் திறந்தேன். அதேதான். பக்கத்து சீட் கலாவோட கம்ப்யூட்டர்லயும் அதேதான். யாரும் எதையும் தட்டலை. எனக்கு முதுகு சில்லுனு ஆயிடுச்சு.

மேனேஜர் என்ன செஞ்சார்ங்கறீங்க? எலுமிச்சம்பழம் வாங்கி, ஆயுத பூஜை சந்தனம் இன்னும் உதிராத சர்வருக்குத் திருஷ்டி சுத்தி, வாசல்ல நசுக்கிட்டு வந்தார். பக்தியோட பக்கத்தைத் திறந்தார். ‘நான் உள்ள இருக்கேன்.’ மனுஷன் டீ குடிக்கப் போறேன்னு கிளம்பினவர் அன்னிக்குத் திரும்பலை.

பின்னாடி மெதுவா ஒரு குரல்.

“பழம் நல்ல பழம்தான். நோயாளி பேர் எழுதற கட்டத்தைப் பார்த்தியாம்மா?”

பேர் எழுத வேண்டிய இடத்துல பேயண்ணன் ஒரு வரி புரோகிராம் எழுதியிருந்தார். யார் எதை எழுதினாலும் நான் அப்படியே வெப்சைட் பக்கத்துக்குள்ள விட்டிருந்தேன். பட்டியலைத் திறந்தவங்க எல்லார் திரையிலயும் அது கட்டளையா ஓடிடுச்சு.

“நான் பெட்டி காட்டினேன். திருடன் காட்ட மாட்டான். எல்லார் ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு சத்தமில்லாம போயிடுவான்.”

சரி பண்ணிக் கொடுங்கண்ணேன்னு கெஞ்சினேன். மாட்டேன்னுட்டார். எழுதினதை வெறும் எழுத்தா மட்டும் காட்டுன்னு சொல்லிட்டு, பக்கத்துல உட்கார்ந்து வேர்க்கடலை கொறிச்சார். எரிச்சலோட ஒவ்வொரு கட்டத்து ஓட்டையா அடைச்சேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேற வேற தந்திரமெல்லாம் போட்டுப் பார்த்துட்டு, ம், பூட்டியிருக்குன்னார். அவர் வாயில அதுக்கு மேல பாராட்டு வராது. என் வேலை தப்பிச்சுது.

போன மார்கழியில ஒரு காலை, பஸ் ஸ்டாப்புல நெஞ்சு வலின்னு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் செருப்பு விடற படியை இன்னும் யாரும் மிதிக்கறதில்லை.

போன வாரம், நெட் இணைப்பே இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணினேன். அந்த லேப் சைட்டோட முதல் நகல், ஓட்டையோட, அன்னிக்கு இருந்த பட்டியலோட அப்படியே கிடந்தது. அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பட்டியலைத் திறந்தேன்.

‘நான் உள்ள இருக்கேன்.’

உடம்பு சிலிர்த்துது. அழுகையும் வந்துடுச்சு. நான் எதையும் அழிக்கலை. இருங்கண்ணேன்னு சொல்லிட்டு, ‘சரி’ பட்டனை அமுக்கினேன்.