தலைவரும் நான்கு பலகைகளும்

கடைத்தெரு எங்கே இருக்கிறதோ, அங்கே ஒரு வணிகர் சங்கத் தலைவர் இருப்பார். கொசுவைப் போலத்தான், தேங்கிய இடத்தில் தானாக உற்பத்தியாகிறார். சட்டைப்பையில் இரண்டு பேனா, இரண்டும் எழுதாது. "சுருக்கமா சொல்லி முடிச்சுக்கிறேன்" என்று அவர் தொடங்கியதும், கேட்பவர்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்வார்கள்.

எங்கள் தெருத் தலைவருக்கு மரக்கடை. குழாய் பதிக்க வந்தவர்கள் தையல்கார அக்காவின் கடை வாசலில் இடுப்பளவு பள்ளம் வெட்டிவிட்டுக் காணாமல் போனார்கள். இரண்டு வாரமாகக் கடைக்குள் ஒருவர்கூட வரவில்லை. இன்னும் ஒரு வாரம் போனால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். அக்கா தலைவரிடம் போனார்.

"அண்ணே, குறுக்கே போட ஒரு பலகை குடுங்க. பள்ளத்தை மூடினதும் திருப்பித் தந்துடறேன்."

தலைவருக்குப் பின்னால் கூரை வரை பலகை அடுக்கியிருந்தது. அதில் சாய்ந்துகொண்டுதான் யோசித்தார்.

"பலகை என்னம்மா பலகை. இது கொள்கைப் பிரச்சினை. கூட்டம் போட்டுருவோம்."

போட்டார்கள். தலைவர் எல்லோரையும் வரவேற்றார், துணைத்தலைவர் தலைவரை வரவேற்றார், அவர்கள் இருவரும் வரவேற்றதற்குச் செயலாளர் நன்றி சொன்னார், பொருளாளர் போன கூட்டத்தின் தீர்மானத்தை வாசித்தார், அது அடுத்த கூட்டத்தை விரைவில் கூட்ட வேண்டும் என்பது, கடைசியில் பள்ளத்தை வன்மையாகக் கண்டித்தார்கள். பலத்த கைதட்டல். பள்ளம் அப்படியே இருந்தது.

அக்கா எழுந்து, "பலகை?" என்றார்.

"அதைத்தானேம்மா வலியுறுத்தியிருக்கோம்."

மறுநாள் காலை பலகை வந்தே விட்டது, ஒன்று கேட்டதற்கு நான்கு. நான்கையும் சேர்த்து அடித்து, மேலே தலைவரின் சிரித்த முகத்தை ஒட்டி, 'வணிகர் துயர் துடைத்தவரே, நன்றி' என்று எழுதி, பள்ளத்தின் தெருப்பக்க ஓரத்தில், அக்காவின் பெயர்ப்பலகையை மறைத்து நிறுத்திக் கட்டினார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அக்கா உள்ளே போய்த் துணி வெட்டும் கத்தரியை எடுத்து வந்தார். கயிறு நாலே வெட்டில் அறுந்தது. பலகை மல்லாந்து பள்ளத்தின் குறுக்கே கச்சிதமாக விழுந்தது. சாயங்காலத்துக்குள் தலைவரின் நெற்றியில் பதினேழு செருப்புத் தடம். அவரால் தெருவுக்கு ஏதோ பயன் கிடைத்தது அன்றைக்குத்தான்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் தலைவர் இல்லை, தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்து, பள்ளத்தைக் கண்டித்தபோது எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது யார்? உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பலகை சும்மாதானே கிடந்தது.