உங்கள் வலதா, என் வலதா?

அன்பும் அதட்டலும் சம அளவில் வாய்த்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். நீயும் அத்தானும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். (மேலே உள்ள 'நலம்' என்ற ஒரு சொல்லை எழுத இரண்டு நாள் ஆனது. அதை மதித்து வாசிக்கவும்.) "தனியா கிடக்கிறியே, நான் கிளம்பி வரட்டுமா?" என்று செய்தி அனுப்பியிருந்தாய். வர வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாம், ஆனால் எடுத்ததும் "சாப்பிட்டியா?" என்பாய். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இப்போதெல்லாம் என் குரல் ஒத்துழைப்பதில்லை.

உடற்கூறியலில் நான் தோற்றது படிக்காததால்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அது அபாண்டம். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். என்னைக் கவிழ்த்தது அப்பா சொல்லிக்கொடுத்த மரியாதை. கத்தரிக்கோலை நீட்டினால் பிடி பெரியவர் பக்கம், செய்தித்தாளை நீட்டினால் எழுத்து பெரியவர் பக்கம் என்று நம் இருவர் காதையும் திருகித்தானே வளர்த்தார்? செய்முறைத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் தேர்வாளர், இந்தப் பக்கம் நான், நடுவில் பச்சைத் துணிமேல் ஆறு எலும்புகள். ஒவ்வொன்றும் உடம்பின் இடப்பக்கத்து எலும்பா, வலப்பக்கத்து எலும்பா என்று சொல்ல வேண்டும். ஆறையும் சரியாகத்தான் கண்டுபிடித்தேன், சத்தியம். ஆனால் எதிரில் இருப்பவர் பெரியவர், என் இடது அவருக்கு வலப்பக்கமாகத்தானே வருகிறது? அவருக்கு எதற்குச் சிரமம் என்று அவர் பக்கத்திலிருந்தே சொல்லிவிட்டேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் காறை எலும்பை எடுத்து "வலது சார்" என்றேன். "நல்லா பார்த்துச் சொல்லுப்பா" என்றார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, "வலதேதான் சார்" என்றேன், இன்னும் உரக்க. ஆறாவது எலும்பு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி, "தம்பி, வலது கையைத் தூக்கு பார்ப்போம்" என்றார். அவருக்கு வலப்பக்கம் வருகிற என் இடது கையைப் பணிவோடு தூக்கினேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பட்ட காலிலே படும் கதைதான். என் வகுப்பு மொத்தமும் இரண்டாம் ஆண்டுக்குப் போனது, கூடவே விடுதியில் மாடிக்கும் போனது, ஏனென்றால் இரண்டாம் ஆண்டுக்கு மாடி என்பது இங்கே சட்டம். என் அறைத்தோழன் 'கடிகாரம்' (ஒரு நிமிடம்கூடப் பிந்தமாட்டான்) பெட்டி, பாய், விசிறி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகும்போது, படிப்பதற்காக இருவருக்கும் பொதுவாக வாங்கிய எலும்புப் பெட்டியை மட்டும், "இனிமே எனக்கெதுக்குடா, நீயே வச்சுக்கோ" என்று விட்டுப்போனான். நல்ல மனதோடுதான் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிக்கு ஏறிப் போனால் என்னைக் கண்டதும் பாடத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். கீழே சாப்பாட்டு அறைக்குப் போனால் புதிதாகச் சேர்ந்த பையன்கள் "வாங்கண்ணா" என்று எழுந்து நிற்கிறார்கள், மறுநாள் அதே வகுப்பில் அவர்கள் பெஞ்சிலேயே என்னைப் பார்த்துவிட்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விழிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் மரியாதைக்குக் குறைவில்லை அக்கா, உட்காரத்தான் இடமில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் பேசாமல், திங்கள் காலை வருகைப்பதிவில் "உள்ளேன்" என்றபோது தொண்டை கரகரத்தது.

முடி வெட்டிப் பன்னிரண்டே நாளில் மறுபடி முடிதிருத்துபவர் கடைக்குப் போனேன். "வெட்டுறதுக்கு என்ன தம்பி இருக்கு?" என்றார். "ஓரம் மட்டும்" என்றேன். "வலது பக்கம் சாய்ங்க" என்றார். எனக்குப் பின்னால் நிற்கிறாரா, கண்ணாடியில் எதிரே நிற்கிறாரா, எதை வைத்துச் சொல்கிறார் என்று கணக்குப் போட்டு இடது பக்கம் சாய்ந்தேன். என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி வைத்தார். "வலதுன்னா உங்க வலது தம்பி. என் வலதைப் பத்தி உங்களுக்கென்ன கவலை?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாடம் புரிந்ததால் அல்ல. ஒரு மாதத்தில் என் தலையைத் தொட்ட ஒரே ஆள் அவர். கண்ணில் முடி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் நம்பியது போல ஊதிவிட்டார்.

ஆகவே நான் மனம் தேறிவிட்டேன். இப்போதெல்லாம் எலும்பை எடுத்ததும் முதலில் என் வலது தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். மறுதேர்வு பதினெட்டாம் தேதி, காலை பத்து மணிக்கு, அதே தேர்வாளர். இதுவும் போனால் ஒரு வருடம் முழுசாகப் போய்விடும். போகாது. இனி இடம் வலம் எனக்கு மாறாது. அதனால் நீ குட்டியையும் விட்டுவிட்டு, அத்தானையும் அலையவிட்டு வரவே வேண்டாம். ஆனாலும் ஓர் அவசரத்துக்கு வழி தெரிந்திருப்பது நல்லது: பேருந்து நிறுத்தத்தில் இறங்கி நேராக நட, வலது பக்கம் பச்சை கேட், அதுதான் விடுதி. எதிரில், இடது பக்கமும் ஒரு பச்சை கேட் உண்டு, அது பிணவறை. பார்த்து வா. அதாவது, வராதே.

அத்தானுக்கு என் வணக்கம். குட்டிக்குக் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம், எந்தக் கன்னம் முதலில் என்பது அவள் இஷ்டம். அப்பாவிடம் அவர் கற்றுத்தந்த மரியாதையை இன்னும் கைவிடவில்லை என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
நன்றாக இருக்கும் உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுமுன் பழக்கதோஷத்தில் தோளைத் தொட்டுப் பார்த்தேன். விடுதி உனக்கு வலது பக்கம் வராது, இடது பக்கம் வரும். நான் எழுதியபடி நடந்தால் நேரே பிணவறையில் போய் நிற்பாய். எலும்பில் தவறமாட்டேன், பயப்படாதே. விடுதி கேட்டில் நின்று பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தால் எனக்கு எப்படித் தெரியுமோ அப்படியே எழுதிவிட்டேன். பத்து நாளாக மாலையில் அங்கேதான் நிற்கிறேன். பதினேழாம் தேதி வா அக்கா. இறங்கிய இடத்திலேயே நில், எந்தப் பக்கமும் திரும்பாதே. நான் வந்து கூட்டிப்போகிறேன்.